பால் மரத்தடியிலிருந்து பாடநூலுக்கு: அறிவியலும் உளவியலும் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆண்டு ஒரு மாலை. சுங்கைப் பட்டாணியில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில், பாடாங் செராய் பக்கத்துப் பையன் ஒருவன் ஐந்தாம் படிவ வேதியியலை மலாயில் ஒப்பித்துக்கொண்டிருந்தான். லேடெக்ஸில் அமிலம் சேர்த்தால் ஏன் உறைகிறது என்ற கேள்வி. அயான் ஹைட்ரஜன், சாஸ் நெகாத்திஃப், மெம்பரான் புரோட்டீன் என்று ஒரு சொல் பிசகாமல் வந்து விழுந்தது. "சரிப்பா, அமிலமே ஊத்தலைன்னா?" என்று கேட்டேன். விழித்தான்.

அவனை அழைத்துப்போக வந்து வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி பதில் சொன்னார். "ஊத்தாட்டியும் மறுநாளுக்குள்ள கட்டிப்போயிடும் சார். மங்குல கெடக்கிற பாலு அப்படித்தானே கட்டிப்பாலா ஆவுது? அமோனியா ஊத்தி வச்சாத்தான் தண்ணியா நிக்கும்."

முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர் அவர். பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எஸ்.பி.எம். கேள்வித்தாள் படம் போட்டுக் கேட்கும் மூன்று குவளைச் சோதனை (அமிலம் ஊற்றியது, ஒன்றும் ஊற்றாதது, அமோனியா ஊற்றியது) முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. பேரனிடம் இருந்தவை சொற்கள், பாட்டியிடம் இருந்தது பொருள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

அந்தப் பையனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள், அறிவியல் பாடங்கள் எடுக்கலாமா என்று தயங்குபவர்கள், உளவியல் என்றால் என்னவென்று கேள்வி மட்டும் உள்ளவர்கள் இதைப் படிப்படியாகப் பின்பற்றலாம். ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: கண்டது வேறு, ஊகித்தது வேறு

உற்றறிதல், ஊகித்தல் என்ற இரண்டு சொற்களும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் தேர்வில் இந்த இரண்டையும் குழப்பி மதிப்பெண் விடுபவர்கள் ஏராளம்.

காலையில், மரத்தில் பால் வடியும் மங்கு ஒன்று நிரம்பி வழிந்திருக்கிறது. இது கண்டது. "ராத்திரி மழை பெய்திருக்கும்" என்பது ஊகம். "வெட்டியவர் பால் எடுக்கத் தாமதமாக வந்திருப்பார்" என்பது இன்னோர் ஊகம். எது சரி என்று தெரிய வேண்டுமானால் மறுபடியும் பார்க்க வேண்டும்: வழிந்திருப்பது வெறும் பாலா, மழைநீர் கலந்ததா, பட்டை ஈரமாக இருக்கிறதா. நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் ஊகித்ததையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இடப்பக்கத்தில் "இருக்கும்", "போல" என்று வந்தால் அந்த வரி கோட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இதைப் பழக நம் கெடா மாநிலத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. குனோங் ஜெராய் அடிவாரத்தில், மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டி, புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 1936-37இல் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தபோது கவனித்த இடம். 1960இல் அதைச் சீரமைத்து நிறுத்தினார்கள். அங்கே தூண் கிடையாது, கூரை கிடையாது. குழி வெட்டிய கருங்கல் பாதங்கள்தான் வரிசையாக இருக்கின்றன. கல்லில் குழி இருப்பது கண்டது. அதில் மரத்தூண் நின்றது, அதன்மேல் இற்றுப்போகும் பொருளால் கூரை இருந்தது என்பது ஊகம், அதுவும் நல்ல ஊகம். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே படம் எடுத்துத் திரும்புகிற மாணவர்களில் எத்தனை பேர் அந்தக் குழியைப் பார்த்தார்கள் என்று கேட்டால் எனக்கு வருத்தம்தான் மிஞ்சும்.

படி 2: மூன்று மொழி நோட்டு

நம் பிள்ளைகள் அறிவியலில் தடுக்கி விழுவதற்கு அறிவியல் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. முதல் படிவத்தில் மொழி மாறுகிறது. ஆறு ஆண்டுகள் "உற்றறிதல்" என்று படித்தவன் திடீரென்று "பெமெர்ஹாதியான்" என்ற சொல்லைச் சந்திக்கிறான். அறிந்த பொருளே புதுச் சட்டை போட்டு வந்து நிற்கிறது, ஆனால் அவன் புது ஆள் என்று நினைத்துப் பயப்படுகிறான்.

இடையில் கொள்கையும் பலமுறை மாறியது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2012 முதல் அதைப் படிப்படியாக விலக்கினார்கள். 2016 முதல் டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டம் சில பள்ளிகளில் நடக்கிறது. ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தங்கை இன்னொரு மொழியிலும் அறிவியல் படித்திருக்கலாம். கொள்கையைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். மாணவன் செய்யக்கூடியது நோட்டு வைப்பது.

பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் தமிழ், இரண்டாவதில் மலாய், மூன்றாவதில் ஆங்கிலம். ஊகித்தல், இன்ஃபெரென்ஸ், இன்ஃபெரன்ஸ். உறைதல், பெங்கும்பாலான், கோஆகுலேஷன். தற்சார்பு மாறி, பெம்போலே உபா டிமனிபுலாசிகன், மேனிபுலேட்டட் வேரியபிள். மலாயும் ஆங்கிலமும் அந்தந்த எழுத்திலேயே இருக்கட்டும்.

நாலாவதாக ஓரத்தில் ஒரு குறுகிய பத்தி விடுங்கள். அதில் வீட்டுச் சொல்லை எழுதுங்கள். உறைதலுக்கு நேரே "கட்டிப்போறது". லேடெக்ஸுக்கு நேரே "பாலு". அந்த நாலாவது பத்திதான் இந்த நோட்டின் உயிர். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். மூன்று மொழியிலும் எழுத முடிந்து, வீட்டுச் சொல்லில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படி 3: பால் ஏன் கட்டிப்போகிறது

இனி வேதியியல். இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக உட்காருவோம்.

மரத்திலிருந்து வடியும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர். மீதி புரதம், சர்க்கரை, உப்புகள், இன்னும் சில. ரப்பர் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. பசும்பாலில் கொழுப்பு மிதப்பதுபோல. அதனால்தான் இரண்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. உருண்டைகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன.

ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் நீண்ட சங்கிலிகள். சங்கிலியின் ஒரு கண்ணியின் பெயர் ஐசோப்ரீன், ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கொண்டது. இந்த ஐந்துக்கு எட்டு என்ற கணக்கை 1826இல் மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்துக் கண்டார். மின்சாரப் பாடத்தில் வரும் அதே ஃபாரடேதான். ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலிக்குப் பாலிமர் என்று பெயர். கண்ணிக்கு மோனோமர்.

உருண்டையைச் சுற்றிப் புரதத்தால் ஆன மெல்லிய தோல். அந்தத் தோலின் வெளிப்புறத்தில் எதிர்மின் ஊட்டம். எல்லா உருண்டைகளுக்கும் ஒரே வகை ஊட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஒட்டுவதில்லை. பால் தண்ணீராகவே நிற்கிறது.

அமிலம் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின் ஊட்டத்தோடு வருகின்றன. தோலின் எதிர்மின் ஊட்டம் சமனாகிவிடுகிறது. தள்ளும் விசை போனபின் உருண்டைகள் மோதுகின்றன, தோல் கிழிகிறது, உள்ளிருந்த சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதுதான் கட்டி. விடைத்தாளில் இந்த வரிசை முக்கியம்: ஊட்டம் சமனாதல், மோதல், தோல் கிழிதல், சங்கிலி பின்னுதல். நடுவில் ஒன்றைத் தாவினால் மதிப்பெண் போகும். என் மாணவர்கள் அதிகம் தாவுவது மோதலை.

இப்போது பாட்டியின் பேச்சுக்கு வருவோம். அமிலம் ஊற்றாமல் விட்டாலும் மங்குப் பால் ஏன் கட்டிப்போகிறது? காற்றிலும் பட்டையிலும் மங்கிலும் உள்ள பாக்டீரியா பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகிறது. யாரும் ஊற்றாத அமிலம் தானாக உள்ளே ஊறுகிறது. மெதுவாக நடப்பதால் ஓர் இரவு ஆகிறது. அமோனியா என்ன செய்கிறது? அது காரம். அதிலிருந்து வரும் ஹைட்ராக்சைடு அயனிகள் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தைச் சமன் செய்துவிடுகின்றன. உருண்டைகளின் எதிர்மின் ஊட்டம் அப்படியே நிற்கிறது. "அமோனியா ஊட்டத்தை அழிக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள், அது நேர்மாறு. ஊட்டத்தைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

தோட்டத்து ஸ்டோரில் பயன்படுத்தும் ஃபார்மிக் அமிலம், பாடநூலில் மெத்தனாயிக் அமிலம், எறும்புக் கடியில் எரிவது, மூன்றும் ஒன்றே. தோலைப் பொசுக்கும் பொருள் அது. அமிலத்தோடு வேலை செய்த பெரியவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னால், கையுறையோடு மட்டும் தொடுங்கள்.

உறைந்த ரப்பர் அப்படியே டயர் ஆகாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை போவதைக் கண்டார். சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் குறுக்குப் பாலம் போடுகின்றன, அதனால் இழுத்துவிட்டாலும் சங்கிலிகள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. வல்கனைசேஷன் என்பது இவ்வளவுதான்.

படி 4: சமையலறையில் ஒரு சோதனை

ஃபார்மிக் அமிலம் வேண்டாம். வீட்டில் பசும்பாலும் வினிகரும் இருந்தால் போதும்.

ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குவளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் அரைக் கப் பால், ஒரே டப்பாவிலிருந்து, ஒரே இளஞ்சூட்டில். முதல் குவளையில் ஒன்றும் ஊற்றாதீர்கள். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி வினிகர், மூன்றாவதில் மூன்று தேக்கரண்டி. மூன்றையும் ஐந்தைந்து முறை கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கரண்டியால் அள்ளிப் பாருங்கள். மூன்றாவதில் வெள்ளைத் திட்டுகளும் தெளிந்த நீரும் பிரிந்திருக்கும்.

நீங்கள் வேண்டுமென்றே மாற்றியது வினிகரின் அளவு. அது தற்சார்பு மாறி. அதனால் மாறியது திரிந்த அளவு, சார்பு மாறி. மாறாமல் வைத்தவை பாலின் அளவு, சூடு, கலக்கல், நேரம். இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். முதல் குவளை எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் பால் வினிகரால் திரிந்ததா, பழைய பால் தானாகத் திரிந்ததா என்று சொல்ல முடியாது.

ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். பசும்பாலில் கேசீன் என்ற புரதம்தான் திரள்கிறது, ஊட்டம் சமனாவதுவரை கதை ஒன்று. அதற்குப் பிறகு மரத்துப் பாலில் தோல் கிழிந்து பாலிமர் பின்னுவது வேறு. இதனால்தான் திரிந்த பாலை இழுத்தால் அறுந்துவிடுகிறது, கட்டிப்பாலை இழுத்தால் நீள்கிறது.

படி 5: பட்டைக்குள் எட்டிப் பார்த்தல்

உயிரியலுக்கு ஒரு கேள்வி போதும். ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்?

"வெயிலுக்கு முன்னாடி வேலையை முடிக்கணும்ல" என்பது வீட்டில் கிடைக்கும் பதில். அதில் பாதி சரி. மீதி பட்டைக்குள் இருக்கிறது. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கட்டைக்கு வெளியே இருக்கின்றன. இரவில் இலைகள் தண்ணீரை அதிகம் வெளியேற்றுவதில்லை, ஆகவே செல்கள் நீரால் விம்முகின்றன. விடியற்காலையில் இந்தக் குழாய்களில் அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம் வரை இருக்கும், கார் டயரைவிடப் பல மடங்கு. உளி பட்டதும் பீய்ச்சி வருவது அதனால்தான். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன, அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. நீராவிப்போக்கு, செல் விறைப்பு என்று இரண்டு பாடம் இதில் முடிந்துவிட்டது.

வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்கிறது? குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை, அடியிலிருந்து மேலே போகப்போக வலப்பக்கம் சற்றே சாய்கின்றன. எதிர்ச் சாய்வில் வெட்டினால் ஒரே நீளத்தில் அதிகக் குழாய்கள் அறுபடும். உளியை ஆழமாக விட்டால் கேம்பியம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். காயம்பட்ட மரத்துக்காகத் தண்டலிடம் திட்டு வாங்கிய கதை ஒவ்வொரு லயத்திலும் இருக்கும். கேம்பியம் என்ற சொல் தெரியாமலே அதைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

பக்கத்தில் தோட்டமே இல்லையே என்பவர்களுக்கு: உண்மைதான், பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பாலிங், சிக் பக்கம் சிறுதோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அனுமதி கேட்டு ஒரு விடியற்காலை போய்ப் பாருங்கள்.

படி 6: கையில் சுடும் இயற்பியல்

ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து நண்பன் கையில் வைத்துச் சூடு போடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? உராய்வால் இயக்க ஆற்றல் வெப்ப ஆற்றலாகிறது. காய் பட்டென்று வெடித்துக் கொட்டை பல மீட்டர் தள்ளி விழுவது, காய்ந்த தோட்டில் தேங்கிய மீள் ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதால்தான்.

இன்னொன்று. அகலமான ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள். இளஞ்சூடு தெரியும். சிறிது நேரம் இழுத்தபடியே வைத்துப் பிறகு சுருங்க விட்டால் குளிரும். ஜான் காஃப் என்ற கண்பார்வையற்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். பார்வை இல்லாதவர் உதட்டால் உற்றறிந்தார் என்பதைச் சொன்னால் வகுப்பில் எல்லோரும் ஒரு ரப்பர் பேண்டைத் தேடுவார்கள்.

படி 7: உளவியல், ரொட்டிக்காரர் ஹார்னிலிருந்து

எஸ்.பி.எம்.இல் உளவியல் பாடம் கிடையாது. அதனால் பல்கலைக்கழக அடித்தளப் படிப்பில் அதை முதன்முதலாகச் சந்திப்பவர்கள் அது மனத்தைப் படிக்கும் வித்தை என்று நினைத்துப் போகிறார்கள். நடத்தையையும் மனத்தின் செயல்களையும் சோதனை செய்து படிக்கும் துறை அது. படி 1இல் சொன்ன கோடு இங்கேயும் உண்டு: "அவள் பதில் சொல்லவில்லை" என்பது கண்டது, "கோபமாக இருக்கிறாள்" என்பது ஊகம்.

மாலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவார். அந்த ஹார்ன் தெருமுனையில் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறும். முதல் நாள் அந்த ஹார்ன் வெறும் சத்தம். ரொட்டியைத் தின்றபோது எச்சில் ஊறியது இயல்பு. ஹார்ன், ரொட்டி, ஹார்ன், ரொட்டி என்று பல நாள் சேர்ந்து வந்தபின், ரொட்டி கண்ணில் படாமலே ஹார்னுக்கு எச்சில். இவான் பாவ்லோவ் நாய்களிடம் கண்டது இதுதான். அவர் நோபல் பரிசு வாங்கியது 1904இல், செரிமான ஆய்வுக்கு. எச்சிலை அளக்கப் போனவர் கற்றலைக் கண்டார். ரொட்டிக்காரர் ஒரு மாதம் வெறும் பெட்டியோடு ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தால் எச்சில் படிப்படியாக நின்றுவிடும், அதற்கு அணைதல் என்று பெயர்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். பெரட்டு மணிக்கு எழுந்து வேலைக்குப் போன காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் என் அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். இதைப் பாவ்லோவுக்கு எடுத்துக்காட்டாக ஒரு மாணவி எழுதினாள். மணியே அடிக்காதபோது எந்தத் தூண்டலுக்கு அது துலங்கல்? பெரும்பாலும் அது உடற்கடிகாரத்தின் வேலை. பார்ப்பதற்கெல்லாம் பாவ்லோவ் பெயரைச் சூட்டக்கூடாது.

இரண்டாவது வகைக் கற்றல் ஸ்கின்னர் என்ற உளவியலாளருடையது. செய்ததற்குப் பின் என்ன கிடைக்கிறதோ அது அடுத்த முறை செய்வதை மாற்றுகிறது. கிராணி பாலை நிறுத்து, கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு எழுதினால், மறுநாள் நிரையில் நடை வேகமாகிறது. அது வலுவூட்டல். இங்கே மாணவர்கள் விழும் குழி "எதிர்மறை வலுவூட்டல்". அதைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். மைவி காரில் பெல்ட் போடாவிட்டால் ஒரு சத்தம் விடாமல் கத்தும். போட்டதும் நிற்கும். தொல்லை நீங்கியதால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது. பழக்கம் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. எதிர்மறை என்றால் ஏதோ ஒன்று நீக்கப்பட்டது என்று மட்டும் பொருள்.

மூன்றாவது, கூட்டம் தனி ஆளை எப்படி மாற்றுகிறது என்பது. இதற்குக் கெடாவிலேயே வரலாறு உண்டு. 1946-47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. கள்ளுக்கடைக்கு முன்னால் இளைஞர்கள் மறியல் செய்தார்கள், சுற்றுத் தோட்டங்களுக்கும் அது பரவியது. கள் உடம்புக்குக் கெடுதல் என்று அதுவரை யாரும் சொல்லாமலில்லை. தன் லயத்துப் பையன்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள் என்பது புதிது. குழு நெறி என்ற சொல்லைப் பாடநூலில் பார்க்கும்போது அந்தக் கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டர் படையின் முழுக்கதை பெரிது, கூலிப் போராட்டமும் போலீஸ் அடக்குமுறையும் சேர்ந்தது. அதை வரலாற்றுப் பாடமாகத் தனியாகப் படிக்க வேண்டும்.

படி 8: படித்ததை மறக்காமலிருக்க

1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் மறதியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு ஆள் அவரேதான். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடத்துக்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாளில் 34. ஆனால் 31 நாளிலும் 21. அதாவது பெரிய சரிவு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, அதற்குப் பிறகு மெல்லத்தான் இறங்குகிறது. வகுப்பில் புரிந்ததை வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, எப்படித் திரும்பப் பார்ப்பது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை இது. ஒரு குழு ஒரு பகுதியை நாலு கட்டமாகத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு கட்டம் படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்த குழு 83 விழுக்காடு, எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 40, எழுதிய குழு 61. நமக்கு எளிதாக வருவது திரும்பப் படிப்பது. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படிக்கும்போது தெரிந்துவிட்டதாக ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள்.

இடைவெளியைப் பற்றித் தோட்டத்தில் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒரே மரத்தைத் தினமும் வெட்டமாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் குழாய்களில் பால் மறுபடி ஊறும். பேராசைப்பட்டு அளவுக்கு மீறி வெட்டினால் வெட்டுப்பட்டை வறண்டுபோய்ப் பாலே வராமல் போகும். மூளை மரமில்லை, இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. ஆனால் சனிக்கிழமை ஆறு மணி நேரம் வேதியியலோடு மல்லுக்கட்டும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறான்.

பாலிமர் பாடத்துக்கு நான் கொடுக்கும் கணக்கு இப்படி இருக்கும். திங்கள் வகுப்பில் படித்தால், அன்று இரவே புத்தகத்தை மூடி மூன்று லேடெக்ஸ் குவளைகளை வரைந்து கீழே காரணம் எழுதுங்கள், பத்து நிமிடம். செவ்வாய் மறுபடி, இம்முறை மலாயில். வெள்ளி வரை தொடாதீர்கள். வெள்ளியன்று வீட்டில் யாருக்காவது வாயால் விளக்குங்கள், தமிழில். அடுத்த திங்கள் பழைய எஸ்.பி.எம். கேள்வி ஒன்றை எடுத்து நேரம் வைத்து எழுதுங்கள். பிறகு மூன்று வாரம் கழித்து ஒரு முறை. தவறிய இடத்தைச் சிவப்பு மையால் திருத்தி அப்படியே வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கம்தான் பலருக்குக் கூச்சம். பாடாங் செராய்ப் பையனும் முதலில் மறுத்தான். பாட்டிக்கு என்ன தெரியும் என்றான். பிறகு போய், உருண்டை, தோல், ஊட்டம் என்று அரைமணி நேரம் சொல்லியிருக்கிறான். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப மழைத்தண்ணி கலந்தா ஏன்டா பாலு சரியா கட்டாது?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வந்தான். பதிலைச் சொல்லாமல் நாலு குவளையும் கொஞ்சம் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன்.